பாடலும் சான்றும்: ஹேசல் டிக்கன்ஸின் இசைப்பணி

கலை கலைக்காகவே என்பாரும், கலை மக்கள் வாழ்வுக்குப் பயன்படல் வேண்டும் என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். பாட்டிலே முறையீடும் கண்டனமும் புகுந்தால் அதன் கலைத்தன்மை கெட்டுவிடும் என்பது முன்னவர் கூற்று. மக்களின் துயரைப் பேசாத பாட்டு எத்துணை இனிமையுடையதாயினும் வெற்றோசையே என்பது பின்னவர் கூற்று. இவ்வாதம் பெரும்பாலும் கொள்கையளவிலேயே நிகழ்கின்றது. ஒரு கலைஞரின் ஆக்கங்களை முன்வைத்து, அவற்றின் அமைப்பையும் ஓசையையும் ஆராய்ந்து நிகழ்வது அரிது. அதனாலேயே அது முடிவின்றி நீள்கின்றது. இவ்வழக்கை ஓரளவேனும் தீர்த்துவைக்கத்தக்க சான்றொன்று, அமெரிக்க நாட்டின் மலைப்புறத்து நாட்டிசையிலே நமக்குக் கிடைக்கின்றது. அச்சான்று 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வாஷிங்டன் நகரிற் காலமான ஹேசல் டிக்கன்ஸ் என்னும் பாடகியின் பணியாகும்.

புளூகிறாஸ் எனப்படும் இசைவகையிலே, பெண்கள் தாமே முன்னின்று பாடியும், பாட்டு இயற்றியும், குழுவை நடத்தியும் தமக்கென ஓரிடத்தை அமைத்துக்கொள்ள வழிசெய்த முன்னோடிகளுள் ஹேசல் ஒருவர். இவரைப் பாராட்டுவோர் இவ்வரலாற்றுச் சிறப்பையே பெரிதும் எடுத்துரைப்பர். முன்னோடி என்ற பெயரோ ஒருவரின் காலத்தைக் குறிப்பதேயன்றி, அவர் கலையின் தரத்தைக் குறிப்பதன்று. முதலில் வந்தவர் என்பதற்காக மட்டும் ஒரு கலைஞரைப் போற்றுவது, அவரைப் போற்றாமல் விடுவதற்கு ஒப்பான குறைபாடாகும். எனவே அவர் எதனைச் செய்தார், எவ்வாறு செய்தார் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

ஹேசலைப் பற்றி இரு குறைகள் கூறப்படுவதுண்டு. அவர் குரல் கரடுமுரடானது, செவிக்கு இனிமை தாராதது என்பது ஒன்று. அவருடைய பாடல்களிற் பல தொழிலாளர் போராட்டத்துக்கான பிரசாரமே என்பது மற்றொன்று. இவ்விரு குறைகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே பிழையிலிருந்து எழுவன என்பதும், அவருடைய குரலும் பொருளும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

முதலில் அவர் பிறந்த மண்ணைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அப்பலேச்சிய மலைத்தொடர். அத்தொடரின் நடுவிலே, மலைகளாலேயே ஆனது என்று கூறத்தக்க மேற்கு வேர்ஜீனியா மாநிலம் அமைந்துள்ளது. மலையின் மேலே காடு, உள்ளே நிலக்கரி. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அம்மக்களின் வாழ்வை நிலக்கரிச் சுரங்கங்களே ஆண்டன. அம்மாநிலத்து மேர்சர் மாவட்டத்தில் உள்ள மொன்காம் என்னும் சிற்றூரிலே, பதினொரு பிள்ளைகளைக் கொண்ட வறிய குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் ஹேசல். தந்தையார் சுரங்கங்களுக்குத் தேவையான மரங்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். சகோதரர் சிலர் சுரங்கத்துள்ளேயே உழைத்தனர்.

அத்தந்தையார் ஒரு போதகருமாவர். பழைய மரபை விடாது பேணும் பப்ரிஸ்து சபையொன்றைச் சார்ந்தவர். இளமையிலே பாஞ்சோ வாத்தியம் வாசித்தவராயினும், அச்சபையின் வழிபாட்டில் வாத்தியங்களுக்கு இடமில்லை. மனிதக் குரல் ஒன்றே ஆண்டவனை நோக்கி எழத்தக்கது என்பது அவர்தம் கொள்கை. ஒருவர் ஓரடியை எடுத்து ஓத, சபையோர் அதனை மெல்ல இழுத்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் சென்று, அசைவுகள் பல சேர்த்துத் திருப்பிப் பாடுவர். தாளக்கட்டு இறுக்கமாக இராது. குரலை மெருகிட்டு மென்மையாக்கும் பயிற்சியும் இல்லை. தொண்டையைத் திறந்து, உள்ளத்தில் உள்ளதை முழு வலிமையோடு வெளியிடுவதே அங்குப் பாடுதல் எனப்பட்டது. மனிதர் தம் குற்றத்தையும் துயரையும் நம்பிக்கையையும் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் செயல் அது. ஹேசல் கற்ற முதலிசை இதுவே. பாட்டென்பது சான்று பகர்தல் என்னும் எண்ணம் அவருள்ளே வேரூன்றியதும் இங்கேதான் எனலாம்.

இனி, புளூகிறாஸ் இசையின் இயல்பைக் காண்போம். கென்ரக்கி மாநிலத்தவரான பில் மன்றோ என்னும் மண்டலின் கலைஞர், 1939ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான ‘கிறாண்ட் ஓல் ஒப்பிறி’யில் தம் குழுவோடு சேர்ந்தார். ‘புளூ கிறாஸ் பையன்கள்’ என்பது அக்குழுவின் பெயர். 1945ஆம் ஆண்டின் இறுதியிலே ஏள் ஸ்கிறக்ஸ் என்னும் இளைஞர், மூன்று விரல்களால் மிக விரைவாக மீட்டும் பாஞ்சோ வாசிப்புடன் அக்குழுவில் இணைந்தபோது இவ்விசையின் வடிவம் முழுமை பெற்றது. பாஞ்சோ, மண்டலின், வயலின், கித்தார், பெருந்தந்தி வாத்தியமாகிய பேஸ் என்னும் ஐந்துமே இதன் அங்கங்கள். மின்விசையால் ஒலி பெருக்கும் வாத்தியங்களை மரபாளர் ஏற்பதில்லை. பாட்டின் அடிப்படை மெட்டை ஒருவர் பாட, மற்றொருவர் அதற்கு மேலே உயர்ந்த சுருதியில் இணைகுரல் சேர்ப்பார். ஆடவர் ஒருவர் தம் குரலின் எல்லையைத் தொட்டு, ஏறக்குறைய அது உடைந்துவிடும் நிலையில் நின்று பாடும் அவ்வுயர்குரலின் ஏக்கமே இவ்விசையின் உயிர்நிலை.

குழுவின் பெயரே இவ்விசை வகைக்கும் பெயராயிற்று. அப்பெயரிலே ‘பையன்கள்’ என்ற சொல் இருந்தது தற்செயல் எனினும் பொருத்தமற்றதன்று. இத்துறையிலே பெண்கள் அறவே இல்லாதிருந்தனர் என்பது உண்மையாகாது. மன்றோவின் குழுவிலேயே 1940களின் இடைப்பகுதியில் சலி ஆன் பொறஸ்ரர் என்னும் பெண்மணி அக்கோடியன் வாசித்துள்ளார். றோஸ் மடொக்ஸ் என்பவர் 1962இல் புளூகிறாஸ் பாடல்களைக் கொண்ட தனி இசைத்தட்டை வெளியிட்டார். எனினும் மேடையிலே பெண்ணின் இடம் பெரும்பாலும் ஒருவரின் மனைவியாக, அல்லது தங்கையாக, குழுவின் ஓர் ஓரத்தில் அமைந்ததேயாம். பாட்டின் பொருளிலும் அவள் காத்திருப்பவளாகவோ, ஏமாற்றிச் சென்றவளாகவோ, இறந்துபட்டவளாகவோ வருவாள். தன் வாயாற் பேசுபவளாக வருதல் அரிது.

1950களின் தொடக்கத்தில், மலைப்புறத்து இளைஞர் பலரைப் போலவே ஹேசலும் வேலை தேடி மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகருக்குச் சென்றார். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் உழைத்தார். மலைநாட்டவரின் பேச்சும் நடையும் நகரத்தாரின் ஏளனத்துக்கு உரியனவாயிருந்த காலம் அது. அவருடைய சகோதரர் ஒருவர் காசநோய் மருத்துவமனையில் இருந்தபோது, அங்குப் பணியாற்றிய மைக் சீகர் என்னும் இளைஞரின் அறிமுகம் கிடைத்தது. நாட்டிசையைத் தேடித் தொகுத்த குடும்பத்தில் வந்த சீகர், நகரத்தார் எள்ளிநகையாடிய அப்பாடல்களே பெறற்கரிய செல்வம் என்பதை அறிந்தவர். அவர்தம் நட்பு வட்டத்திலே ஹேசல் சந்தித்தவர் அலிஸ் ஜெறாட். மேற்குக் கரையிலே பிறந்து, கல்லூரியிற் படித்து, மேலைச் செவ்விசையின் சூழலில் வளர்ந்தவர் அவர். பிறப்பாலும் கல்வியாலும் வேறுபட்ட இவ்விரு பெண்களும் ஒருங்கு பாடத் தொடங்கினர்.

1965ஆம் ஆண்டில் ‘ஃபோக்வேய்ஸ்’ நிறுவனம் வெளியிட்ட ‘ஹூஸ் தற் நொக்கிங்’ என்னும் இசைத்தட்டு இவர்களுடைய முதலாவது ஆக்கம். பெண்கள் தலைமையேற்றுப் பாடிய புளூகிறாஸ் இசைத்தட்டுக்களுள் மிகத் தொடக்க காலத்தது என்று அது எண்ணப்படுகின்றது. வயலின், பாஞ்சோ, மண்டலின் என்பவற்றை ஆடவர் வாசிக்க, பெண்கள் இருவரும் முன்னின்று பாடினர். பெரும்பாலும் அலிஸ் மெட்டைப் பாட, ஹேசல் மேலே உயர்குரல் சேர்த்தார். பாடல்கள் பழையன, முறையும் பழையது. புதுமை ஒன்றுமில்லை என்றே மேலோட்டமாகக் கேட்பவர் கருதுவர்.

உற்றுக் கேட்பின், இங்கே ஒரு துணிவு புலப்படும். பெண்கள் இருவர் சேர்ந்து பாடும்போது குரலை மெலிதாக்கி, இழைத்து, இனிமை ஊட்டுதல் அக்காலத்து வானொலியின் வழக்கம். இவர்கள் அதனைச் செய்யவில்லை. மன்றோவும் அவரைப் பின்பற்றிய ஆடவரும் பாடிய அதே கடுமையோடு, குரலின் விளிம்பிலே நின்று பாடினர். ஆடவர் பாணியைப் பெண்களுக்கு ஏற்பத் தணித்துக் கொடுக்காமல், அப்பாணி முழுவதும் தமக்கும் உரியதே என்று எடுத்துக்கொண்டனர். இவ்வுரிமையை அவர்கள் வாதிட்டுப் பெறவில்லை, பாடிப் பெற்றனர். மன்றோ தாமே ஒரு பாடலை இவர்கள் பாடுமாறு அளித்தார் என்பது, அம்மரபின் மூலவர் இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும்.

குரல் பற்றிய குறைகூறலுக்கு இவ்விடத்தே விடை காணலாம். ஹேசலின் குரலில் வழவழப்பு இல்லை என்பது மெய்யே. மூக்கொலி கலந்த, கூர்மையான, நடுநடுவே முறிந்து எழும் குரல் அது. இனிமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு அது குறையாகவே தோன்றும். ஆயின் அளவுகோல் பாட்டின் நோக்கத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். சாவு வீட்டிலே அழுபவளின் குரலில் நயம் இல்லை என்று எவரும் குறை கூறுவதில்லை. அவ்வழுகையை நயம்பட அமைத்தால் அதனை நம்புவாரும் இரார். ஹேசல் பாடிய பொருள்கள் வறுமை, பிரிவு, நோய், சாவு என்பன. சபையிலே கற்ற குரல்முறை அப்பொருள்களைத் தாங்குவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக உருவானது. அவர் சுரத்தை நேராகச் சென்று பற்றாது கீழிருந்து வழுக்கி அடைவதும், அடியின் இறுதியிலே குரலைச் சட்டென்று துண்டிப்பதும் பயிற்சிக் குறைவால் நிகழ்வன அல்ல. மரபு வகுத்த இலக்கணத்தின் பாற்பட்டவை. நமது இசைநூலார் கமகம் என்று வகுத்த அசைவுகளை அறியாதான் ஒருவன், அவற்றைச் சுருதி பிசகல் என்று எண்ணுதல் போன்றதே இக்குறைகூறல்.

1960களின் பிற்பகுதியில் ஹேசலும் அலிஸும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே நடந்த இசைப் பயணங்களிற் கலந்துகொண்டனர். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே மேடையிற் பாடுவது துணிகரமான செயலாயிருந்த அக்காலத்தில், அவ்விருசாராரும் இணைந்து சென்ற பயணங்கள் அவை. இப்பயணங்களில் ஹேசல் தம் வாழ்வின் துன்பங்கள் தனியொருத்தியின் விதியல்ல என்பதைக் கண்டார். கூச்ச இயல்புடையவராயிருந்த அவர், தமக்கு நேர்ந்ததைத் தாமே இயற்றிப் பாடும் துணிவைப் பெற்றார். 1973இல் ‘றவுண்டர்’ நிறுவனம் வெளியிட்ட ‘ஹேசல் அண்ட் அலிஸ்’ என்னும் இசைத்தட்டில் அத்துணிவின் விளைவைக் காணலாம்.

அவ்விசைத்தட்டின் பாடல்களுள் ஒன்று, மதுச்சாலையை நாடிச் சீரழிந்தவள் என்று ஊராரால் இகழப்படும் பெண்ணைப் பற்றியது. அவளை இழிவுபடுத்தாதீர், அவளை அந்நிலைக்குத் தள்ளியதில் உமக்கும் பங்குண்டு என்னும் பொருள்பட அதன் தலைப்பு அமைந்துள்ளது. இப்பொருள் அமெரிக்க நாட்டிசைக்கு முற்றிலும் புதியதன்று. 1952ஆம் ஆண்டிலே கிற்றி வெல்ஸ் என்னும் பாடகி, ஆடவர் ஒருவர் பெண்ணைப் பழித்துப் பாடிய பாடலுக்கு மறுமொழியாக ஒரு பாடலைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அம்மறுமொழியை இயற்றியவர் ஓர் ஆடவரே. மேலும், அது தன்னைக் கைவிட்டவனை நோக்கிய ஒருத்தியின் வருத்தமாகவே ஒலிக்கின்றது. ஹேசலின் பாடலோ தனியொருவனை விளிப்பதில்லை. ஆடவர் உலகத்தையே முன்னிலைப்படுத்தி விளிக்கின்றது. பாடுபவள் அவ்விழிந்தவளாகத் தன்னைக் காட்டிக்கொண்டு இரக்கத்தை வேண்டவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று, அவளுக்காக வழக்குரைக்கின்றாள். தன்மையிலிருந்து முன்னிலைக்கு மாறிய இவ்விலக்கணச் சிறுமாற்றம், புலம்பலை வழக்காக்கிவிட்டது.

அதே இசைத்தட்டில் உள்ள ‘அழகிய பறவை’ என்னும் பாடல் இதற்கு நேர்மாறான முறையில் அமைந்தது. வாத்தியம் எதுவுமின்றித் தனிக்குரலாற் பாடப்படுவது. காதலென்னும் பெயரால் வரும் கட்டுக்களுக்கு அகப்படாமல் பறந்துபோ என்று ஒரு பறவையை நோக்கிக் கூறுவதாக அமைந்த அப்பாடலிலே கண்டனம் எதுவும் இல்லை. ஆயினும் ஒவ்வோரடியின் இறுதியிலும் வரும் மௌனம், பாடுபவளுக்கு அவ்வாறு பறக்கும் வாய்ப்பு இருந்ததா என்னும் வினாவை எழுப்பிவிடுகின்றது. சபையின் வாத்தியமற்ற பாடல்முறை உலகியற் பாட்டொன்றிலே இத்துணைச் செம்மையாகப் பயன்பட்டமை அரிது. பிரசாரகர் என்று ஹேசலைக் கூறுவோர் இவ்வொரு பாடலையேனும் கேட்டல் நலம்.

இனி, பிரசாரம் என்னும் குற்றச்சாட்டுக்கு இலக்கான சுரங்கப் பாடல்களுக்கு வருவோம். நிலக்கரித் தூசியை ஆண்டுக்கணக்காக உட்கொண்ட தொழிலாளரின் நுரையீரல் கருமையடைந்து இறுகிப்போகும். மூச்சு வரவரக் குறுகும். இதனை மக்கள் ‘கருநுரையீரல்’ நோய் என்பர். மீட்சியில்லாத இந்நோய் தொழிலால் விளைவது என்பதை ஏற்க நிறுவனங்கள் நெடுங்காலம் மறுத்தன. 1969ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேற்கு வேர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தே இந்நோய்க்கு நட்டஈடு வழங்கும் மாநிலச் சட்டத்தைப் பெற்றனர். ஹேசலின் மூத்த சகோதரரான தேர்மன், இந்நோயினால் வறுமையுற்று இறந்தவர். அவர் நினைவாகப் பிறந்த பாடலே ‘கருநுரையீரல்’.

இப்பாடலின் அமைப்பை நுணுகி நோக்குவோம். தொடக்கத்திலே அத்தொழிலாளியின் வாழ்வு படர்க்கையிலே கூறப்படுகின்றது. பின்னர்ப் பல்லவி போன்ற பகுதியிலே பாடகி நோயையே பெயரிட்டு விளித்துப் பேசுகின்றாள். நோய் ஒரு பகைவனாக, தன் வேளை வரும்வரை பொறுத்திருக்கும் ஒருவனாக உருப்பெறுகின்றது. நோயுற்றவன் உதவி நாடிச் சென்றபோது மேலாளன் கதவை அடைத்துக்கொண்டான் என்பது அடுத்துக் கூறப்படுகின்றது. இறுதியிலே இடுகாடு. அங்கே அதே மேலாளன் சிறியதொரு மலர்க்கொத்துடன் வந்து நிற்கின்றான். அம்மலரைத் திருப்பிக் கொண்டுபோகும்படி அவனுக்குச் சொல்லப்படுகின்றது.

இங்கே முதலாளித்துவம் என்ற சொல் இல்லை. சுரண்டல் என்ற சொல்லும் இல்லை. அடைத்த கதவொன்றும் மலர்க்கொத்தொன்றும் மட்டுமே உள. வாழ்நாளில் மறுக்கப்பட்டதும் சாவின்பின் அளிக்கப்படுவதும் அடுத்தடுத்து நிறுத்தப்படுகின்றன. தீர்ப்பு கேட்பவர் உள்ளத்திலே தானே பிறக்கின்றது. மலரை மறுத்தல் என்னும் அச்செயல் எத்துணை வலிமையுடையது என்பதை, ஈமச்சடங்கின் மரியாதைகளை மதிக்கும் எந்தச் சமூகத்தவரும் உணர்வர். இறந்தவனுக்குச் செய்யும் மரியாதையையே வேண்டாமென்று தள்ளுமளவுக்கு ஒரு குடும்பத்தின் மானம் புண்பட்டிருக்கின்றது. இதனைப் பிரசாரம் என்பாராயின், நல்ல சோகநாடகங்கள் அனைத்தும் பிரசாரமே என்று கூறவேண்டி வரும்.

1968ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி, அதே மாநிலத்திலுள்ள பார்மிங்ரன் என்னுமிடத்துச் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டனர். அவர்களுள் 19 பேரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. இவ்விபத்தே மறு ஆண்டின் இறுதியில் சுரங்கப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. அண்மையிலுள்ள மன்னிங்ரன் ஊரின் பெயரால் ஹேசல் இயற்றிய பாடல், பெற்றோர் தம் மகனுக்குக் கூறும் அறிவுரையாக அமைந்துள்ளது. சுரங்கங்கள் இன்று பாதுகாப்பானவை, தந்தையைப்போல நீயும் உழைத்துப் பெருஞ்சம்பளம் பெறு என்று கூறப்படுவதை நம்பாதே என்பது அதன் சாரம். பத்திரிகையும் வானொலியும் கூறியவற்றுக்கு எதிராக, அடுப்பங்கரையிலே ஒரு குடும்பம் தன் சாட்சியத்தைப் பதிவு செய்கின்றது. மாண்டோரின் எண்ணிக்கை அப்பாட்டிலே நிலைபெற்றுவிட்டது. செய்தித்தாள் மறுநாளே பழையதாகும். பாட்டிலே புகுந்த எண் மறவாது.

ஹேசல் ஓரியக்கத்தின் ஊதுகுழலாக இருந்தவரல்லர் என்பதற்கு இன்னொரு பாடல் திட்டமான சான்றாகும். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஊழலை எதிர்த்து, அதன் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டவர் ஜோசப் யப்லொன்ஸ்கி. அவரும் அவர் மனைவியும் மகளும் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சங்கத்தின் தலைவராயிருந்த ரொனி பொயில் என்பவரே அக்கொலையைத் தூண்டியவர் என்று 1974இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கொலையைக் கண்டித்தும் ஹேசல் பாட்டு இயற்றினார். பிரசாரகன் தன் தரப்பின் குற்றத்தை மறைப்பான். சாட்சி கூறுபவன் தான் கண்டதைக் கூறுவான். இவ்வேறுபாட்டை உளங்கொண்டால், ஹேசலின் பாடல்களை எவ்வினத்திற் சேர்ப்பது என்பதில் ஐயம் எழாது.

எனினும் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன என்று கூறுதல் விமரிசனத்துக்கு அழகன்று. கென்ரக்கி மாநிலத்து ஹார்லன் மாவட்டத்திலே 1973, 1974ஆம் ஆண்டுகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை, பார்பரா கொப்பிள் என்னும் பெண்மணி ‘ஹார்லன் கவுண்டி யூ.எஸ்.ஏ.’ என்ற ஆவணப்படமாக 1976இல் உருவாக்கினார். சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் விருது பெற்ற அப்படத்தில் ஹேசலின் குரல் ஒலிக்கின்றது. படத்தின் இறுதியில் வருவது, எம்மை எவரும் அடக்கிவைக்க முடியாது என்னும் பொருளுடைய பாடல். அது கூட்டத்தை எழுப்பும் ஆற்றலுடையது. ஆயின் அதிலே தனி மனிதர் இல்லை. ‘நாம்’ என்னும் பொதுக்குரலே உண்டு. கதவும் மலரும் போன்ற கண்முன் நிற்கும் பொருள்கள் அதிற் குறைவு. மறியல் வரிசையிலே கேட்கும்போது நரம்பு முறுக்கேறும். தனியே இருந்து கேட்கும்போது ‘கருநுரையீரல்’ தரும் நடுக்கத்தை அது தருவதில்லை. இக்குறையும் நம் கருத்துக்கு மாறானதன்று. ஹேசல் தாம் நேரிற் கண்ட ஒருவரைப் பாடும்போது சிறக்கின்றார். பலரைப் பொதுமையாகப் பாடும்போது சற்றே தாழ்கின்றார். சான்று பகர்தலே அவர் கலையின் வலிமை என்பதை இதுவும் காட்டுகின்றது.

ஊரைப் பற்றிய பாடல்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். மேற்கு வேர்ஜீனியாவைத் தம் வீடு என்று கூறும் அவருடைய பாடல் மிகப் புகழ்பெற்றது. பிறந்த மண்ணைப் புகழும் பாடல்கள் எந்நாட்டிலும் பல உள. அவற்றிற் பெரும்பாலானவை ஊரைத் துன்பமற்ற பொன்னுலகாக்கிக் காட்டும். ஹேசலின் பாடலில் ஏக்கம் உண்டு. அதனோடு, விட்டு வந்தவளின் குற்றவுணர்வும் உண்டு. அவர் மலையை விட்டு நீங்கியது விருப்பத்தாலன்று, அங்கே பிழைப்பு இல்லாமையால். சகோதரரைக் கொன்ற சுரங்கங்களும் தாயின் கையும் ஒரே ஊரிலே இருந்தன. தாயின் கையை விட்டுப் பிரிந்த நாளைப் பாடும் ‘அம்மாவின் கை’ என்னும் பாடலைப் பின்னாளில் லின் மொறிஸ் என்னும் பாடகி பாட, அது 1996இல் சர்வதேச புளூகிறாஸ் இசைச் சங்கத்தின் அவ்வாண்டுக்குரிய சிறந்த பாடலாகத் தெரிவுசெய்யப்பட்டது.

ஹேசலும் அலிஸும் 1976ஆம் ஆண்டளவிற் பிரிந்தனர். அதன்பின் ஹேசல் தனித்துப் பாடி, 1980களில் மூன்று இசைத்தட்டுக்களை வெளியிட்டார். 1920ஆம் ஆண்டு மேற்கு வேர்ஜீனியாவில் நடந்த சுரங்கப் போராட்டத்தைச் சித்திரிக்கும் ‘மேற்வன்’ என்னும் திரைப்படத்தில், 1987இல், தோன்றிப் பாடினார். 2001இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் வழங்கும் தேசிய மரபுரிமை விருது அவருக்குக் கிடைத்தது. இசை வரலாற்றறிஞர் பில் மலோனுடன் இணைந்து அவர் எழுதிய ‘வேர்க்கிங் கேர்ள் புளூஸ்’ என்னும் நூல் 2008இல் வெளிவந்தது. மறைந்து ஆறாண்டுகளின் பின், 2017இல், புளூகிறாஸ் இசையின் புகழ்மண்டபத்திலே ஹேசலும் அலிஸும் ஒருங்கே இடம்பெற்றனர்.

விருதுகளினும் மேலான பேறு, பின்வந்தோர் உள்ளத்தில் இடம்பெறுதல். 1973ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டு இருகுரலிசை பயின்ற நயோமி ஜட் என்னும் தாயும் வைனோனா என்னும் மகளும் 1980களிலே அமெரிக்க நாட்டிசையில் ஈடிணையற்ற புகழை எய்தினர். இன்று புளூகிறாஸ் மேடைகளிற் பெண்கள் பாடுவதும், வாத்தியம் வாசிப்பதும், குழுக்களை நடத்துவதும் எவரும் வியப்புறாத காட்சிகளாகிவிட்டன. வியப்பு நீங்கியமையே முன்னோடியின் வெற்றி.

பாடகரையும் பாட்டையும் வேறுபிரித்தறிதல் கடினம் என்னும் பொருளுடைய தொடரொன்று, 1987இல் வந்த அவர் இசைத்தட்டுக்கும் 2001இல் அவரைப்பற்றி மிமி பிக்கறிங் எடுத்த ஆவணப்படத்துக்கும் தலைப்பாயிற்று. அத்தொடர் அழகியது, ஆயினும் அரையுண்மையே. துன்பம் அனுபவித்த அனைவரும் பாடகராவதில்லை. சகோதரரைச் சுரங்கத்துக்கும் அதன் நோய்க்கும் பறிகொடுத்த பெண்கள் அம்மலைநாட்டில் ஆயிரக்கணக்கானோர். அத்துயரிலிருந்து கதவொன்றையும் மலர்க்கொத்தொன்றையும் தெரிந்தெடுத்து, மற்றவற்றை விலக்கி, யாரை விளிப்பது, எங்கே நிறுத்துவது என்று தேர்ந்து அமைத்தவர் ஹேசல் ஒருவரே. அத்தேர்வே கலை. வாழ்வு அவருக்குப் பொருளைத் தந்தது. சபை குரலைத் தந்தது. மன்றோவின் மரபு வடிவைத் தந்தது. இம்மூன்றையும் ஒன்றாக்கிய உழைப்பு அவருடையது.

தொடக்கத்திலே கூறிய வழக்குக்குத் திரும்புவோம். முறையீடு புகுந்தால் கலை கெடும் என்பார்க்கும், கலையைப் பற்றிக் கவலையின்றி முறையிட்டாற் போதும் என்பார்க்கும் ஹேசல் டிக்கன்ஸ் ஒரே விடையைத் தந்துசென்றார். கண்டதைக் கண்டவாறு கூறுவதற்கு நேர்மை வேண்டும். அதனைப் பிறர் மறவாதவாறு கூறுவதற்குக் கலை வேண்டும். இரண்டும் கூடிய பாட்டுக்களைத் தேடுவோர், அவர் தனிக்குரலாற் பாடியவற்றைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். முதன்முறை கேட்கும்போது அக்குரல் கரடாகவே தோன்றலாம். இரண்டாம் முறை கேட்கும்போது, அச்செய்தியை வேறெக்குரலாலும் சொல்லியிருக்க முடியாது என்பது விளங்கும்.